மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு, வெறும் வயிற்றில் (காபி நீங்கலாக)

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் என் மனைவி கல்பனாவும் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் பயணம் போனோம். தூரம் ஐந்து கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்பவர்கள் அவளுடைய பித்தப்பைக் கல்லைக் கேட்கவும். அதை எடுக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று. ஆனால் கல்லீரலில் கொழுப்பு தெரிகிறது, இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன் என்றார் டாக்டர். அதற்கு ஒரு ஸ்கேன், வலியில்லாதது. அதில் சந்தேகம் வந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்களாம். கல்பனாவுக்கு ஆபரேஷன்கூடப் பயமில்லை, அந்த ஊசிதான்.

ஸ்கேனுக்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எட்டரைக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். அவள் காபி மட்டும்தான் குடித்திருக்கிறாள் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். (ஆட்டோவில் ஏறினால் நான் குடும்ப விஷயம் எதையும் பாக்கி வைப்பதில்லை.)

"காபி குட்ச்சாதான் சார் எனுக்கு லிவரே எந்திரிக்கும்" என்று அவர் சான்றிதழ் கொடுத்தார்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் அவ்வளவு தாராளமில்லை. பாலும் சர்க்கரையும் போட்டால் அதுவும் சாப்பாடுதான், கல்லீரல் இறுக்கத்தின் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும், பதினொன்றரைக்கு வாருங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஏகாதசிக்கே காபிக்கு விலக்கு உண்டு. பெருமாள் ஒத்துக்கொண்டதை இந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். நானும் கூடவே பட்டினி என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊசின்னு சொன்னா நான் ஆத்துக்குக் கிளம்பிடுவேன். கல்லு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அவள் கையைப் பிடித்தேன்; ஜில்லென்று இருந்தது. பத்தரைக்கு, போன் பேசுவதாகச் சொல்லி வெளியே போய்விட்டு வந்தேன்.

பதினொன்றரைக்கு அவளை வலது கையைத் தலைக்குமேல் வைத்துப் படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தார்கள். யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி பத்துத் தடவை. அவ்வளவுதான். அளவைப் போனில் கேட்ட டாக்டர், ஊசி வேண்டாம், வெள்ளிக்கிழமையே எடுத்துவிடலாம் என்றார். கல்பனா முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் பெண் என் தொந்தியை அனுதாபத்தோடு பார்த்தார். "சாரும் ஒரு தடவை பாத்துக்கலாமே?"

"இன்னிக்கு முடியாதும்மா" என்றாள் கல்பனா. "அவர் பத்தரைக்குத்தான் காபி குடிச்சார்."

வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடி முடிந்தது. இதே வழியில் போகப்போகிறவர்களுக்கு: காபியும் சாப்பாடுதான். தளர்வான மேல்சட்டை நல்லது. ஜோக்குகளை ஆட்டோவிலேயே விட்டுவிடவும். துணைக்குப் போகிறவர்கள், போன் பேசிவிட்டுத் திரும்பும்போது மீசையைத் துடைத்துக்கொள்ளவும்.