காய்கறித் தட்டில் படுத்தவன்

இது சத்தியமாக நடந்தது. ஜோடித்த கதை என்று நினைப்பவர்கள் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இறங்கி, மாவுக்கடை கிருஷ்ணவேணி வீடு எது என்று கேட்டால் போதும், நாய்கூட வழி காட்டும். அவளும் ஒன்றுவிடாமல் சொல்வாள். என்ன, ஒரு கிலோ மாவாவது வாங்கினால்தான் வாயைத் திறப்பாள்.

2012, அக்கினி நட்சத்திரம். காக்கைகள் செருப்புத் தேடிய வெயில். அந்த நேரம் பார்த்து அவளுடைய பிரிட்ஜ் கைவிட்டது. உள்ளே பல்பு எரிகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. காலையில் ஆட்டிய மாவு மத்தியானமே பொங்கி வழிந்தது. வெள்ளிக்கிழமையோ ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு முதல் தடவையாக மாவு கொடுக்க வேண்டும். புளித்துப்போனால் அந்த ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும். கிருஷ்ணவேணிக்கு அதைவிட உயிர் போவது மேல்.

விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் சர்புதீன் வந்தான். கதவு ரப்பரில் காகிதத்தைச் செருகி இழுத்தான், இறுக்கமாகப் பிடித்தது. மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலேவைக் கழற்றிக் காதருகே குலுக்கினான். சத்தமில்லை, நல்ல ரிலே. கடைசியில் பின்பக்க மோட்டார்தான் ஜாம் ஆகியிருக்கிறது என்றான். புதுசு வர ஒரு வாரம் ஆகுமாம். அவள் விட்டால்தானே? பழைய சாமான் கடையில் ஒரு மோட்டாரைப் பிடித்துவந்து மாட்டி, கேஸ் ஏற்றிவிட்டுப் போனான்.

குளிர்ந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்தது.

மறுநாள் திறந்தாள். நிற்க வைத்த தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லா மூடியும் தெற்குப் பார்த்து. நிமிர்த்தி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால்... மறுபடி படுத்திருந்தன.

அதற்கடுத்த நாள், காய்கறித் தட்டில் இருந்த இரண்டு முருங்கைக்காயின் நுனிகளும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளைத் துணிக் கிழிசலால். எந்த வேலையத்தவன் செய்தது என்று திட்டிக்கொண்டே அவிழ்த்துச் சாம்பாரில் போட்டாள்.

வியாழக்கிழமை மாவுத் தூக்கைத் திறக்கப் போனாள். மூடியோடு சேர்த்து ஒரு துணி நாடா, உச்சியில் முடிச்சு. உள்ளே, மாவின் நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு.

காசைக் கழுவிக் கல்லாவில் போட்டாள்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் சுப்பராயலுவின் முகம் அந்த மாவைவிட வெளுத்தது. தெற்கே தலை. கட்டைவிரல் கட்டு. வாய்க்கட்டு. நெற்றிக் காசு.

"அண்ணி, இது பொணத்துக்குப் பண்றது."

பிரிட்ஜைத் தூக்கி ஏரியில் போடலாம் என்றான். நாளைய மாவை உன் தலையில் ஊற்றி வைக்கவா என்று கேட்டாள் அவள். அவன் போன் போட்டு சர்புதீனை வரவழைத்தான்.

சர்புதீன் முதலில் சிரித்தான். தரை சரிவாக இருந்தால் பாட்டில் உருளத்தான் செய்யும் என்று பிரிட்ஜ் காலுக்கு அடியில் கட்டை வைத்துச் சமன் செய்தான். பாட்டில்களை நிறுத்தினான். கதவை மூடினான்.

மத்தியானம் இரண்டு மணி. கரண்ட் போனது. தெருவே அடங்கியது.

கர்ர்ர்...

பிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சர்புதீன் பிளக்கைப் பிடுங்கினான்.

கர்ர்ர்... கர்ர்ர்...

பின்னால் கைவிட்டு மோட்டாரைத் தொட்டான். அது அசையவே இல்லை. சத்தம் மோட்டாரில் இல்லை. பெட்டிக்குள்ளே இருந்தது. மூச்சு மாதிரி... தொண்டையில் தண்ணீர் சிக்கிய மூச்சு மாதிரி...

சுப்பராயலு வாசலில் இருந்தான். அங்கே எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது.

கிருஷ்ணவேணி கதவைத் திறந்தாள்.

உள்ளே பல்பு எரிந்தது.

பாட்டில்கள் படுத்திருந்தன.

அவளும் ஓரடி பின்னால் வைத்தாள். ஆனால் மாவுத் தூக்கு கண்ணில் பட்டதும் அந்த அடியைத் திரும்ப முன்னால் வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"யாருன்னு கேக்க மாட்டேன். படுக்கணும்னா கீழ காய்த் தட்டுல படுத்துக்க, காயை எடுத்துடறேன். மேல் தட்டு என் மாவுக்கு. நாளைக்கு ஆர்டர் இருக்கு. அதுல மட்டும் கை வெச்சே, உன்னையும் சேத்து வித்துடுவேன்."

தட்டைக் காலி செய்தாள். கதவைச் சாத்தினாள்.

சத்தம் நின்றது.

மறுநாள் பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன. மாவு பூப்போல இருந்தது. ஹாஸ்டல் பெண்கள் அன்று சாப்பிட்ட இட்லிக்குக் கணக்கே இல்லை, ஆர்டர் நிரந்தரமானது. அந்தக் கோடையில் கரண்ட் இல்லாமல் ஊர்ப்பால் முழுக்கத் திரிந்தபோது, கிருஷ்ணவேணி வீட்டில் மட்டும் ஐஸ் கட்டி விற்றார்கள். காய்த் தட்டை அவள் தொடவே இல்லை.

ஒரு மாதம் கழித்து சர்புதீன் வந்தான். கையில் புது மோட்டார், காசு வேண்டாம் என்றான். பழைய சாமான் கடைக்காரனை உலுக்கிக் கேட்டிருக்கிறான். அந்த மோட்டார், பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியில் இருந்தது.

"எந்தப் பொணத்தை வெச்சாங்க பாய்?"

"அதான்க்கா பேஜாரு. யாரையுமே வெக்கல."

புதுப் பெட்டியாம். முதல் வாடகையே கடலோரத்தில் ஒரு வீட்டுக்கு. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, படகு மட்டும் வந்தது. உடம்பு எப்படியும் ஒதுங்கும் என்று பெட்டியைக் கூடத்தில் போட்டு, கரண்ட் கொடுத்து, துணி, காசு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உடம்பு வரவே இல்லை. பெட்டியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார்கள். வாடகைக்காரன் அதை உடைத்து விற்றுவிட்டான்.

சர்புதீன் ஸ்பானரை எடுத்தான். அவள் குறுக்கே நின்றாள்.

"வெச்சிட்டுப் போ பாய். இப்பதான் வந்து சேந்திருக்கான். மோட்டாரைக் கழட்டினா எங்க போவான்?"

சர்புதீன் போனதும், ஒரு மாதத்தில் முதல் முறையாகக் காய்த் தட்டை இழுத்தாள்.

அடியில் ஒரு பிடி மணல். ஈரமாக.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.