மிர்யோங் திறக்க வைத்த மே ஆறாம் தேதி

இரட்டைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் தாக் மிர்யோங் மறுபடி வேலைக்கு வந்தாள். தென் கொரியாவின் தேஜோனில் உள்ள எங்கள் சிறு நிறுவனம், கிளினிக்குகள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் நாட்காட்டி மென்பொருளைச் செய்கிறது. எங்களிடம் புதியவள் என்பதால் யாரும் விரும்பாத வேலை அவள் தலையில் விழுந்தது: அரசு விடுமுறைகளைக் கவனிப்பது.

பண்டிகை சனி, ஞாயிறில் வந்தால் மாற்று விடுமுறையை மென்பொருளே போட்டுவிடும். அந்த ஆண்டோ குழந்தைகள் தினமும் புத்தர் பிறந்தநாளும் மே ஐந்து, திங்கட்கிழமையிலேயே சேர்ந்து வந்தன. அப்படி வந்தாலும் மறுநாள் விடுமுறை உண்டு. மென்பொருளுக்கு அது தெரியாது. மார்ச்சில் மிர்யோங் இதைக் கண்டுபிடிப்பதற்குள், மூடியிருக்கப்போகும் கிளினிக்குகளில் ஏகப்பட்ட பேருக்கு மே ஆறாம் தேதி நேரம் கொடுத்தாகிவிட்டது.

“ரத்து பண்ணி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிடுங்க, முடிஞ்சுது” என்றார் மேலாளர் பியோன்.

“மெசேஜ பாக்காம வந்து பூட்டுன கதவுல முட்டிக்குவாங்க சார். நான் போன் பண்றேன்.”

“உங்களுக்கு வேற வேலையே இல்லையா?”

“இது நீங்க குடுத்த வேலைதான் சார்.”

அவர் சிரித்துவிட்டார். பாதிப் பேரை அழைக்க நானும் உட்கார்ந்தேன்.

தோங்யோங்கில் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்த ஓம் தொக்சுன் மட்டும் விடவில்லை. அவள் கடலோரத்தில் சிப்பி உரிப்பவள்.

“ஏம்மா, யாருக்கு லீவு? எங்க கொட்டகைல மொத்தமே நாலு பேரு. அஞ்சு பேருக்குக் கொறஞ்ச எடத்துக்கு மாத்து லீவெல்லாம் சட்டத்துலயே கெடையாது. மொதலாளிகிட்ட கெஞ்சி அந்த ஒரு நாள வாங்கிருக்கேன். பல்லு என்ன, காலண்டர பாத்தா வலிக்குது?”

அந்த அழைப்பை முடித்ததும் மிர்யோங் அந்தப் பல் மருத்துவரையே அழைத்தாள்.

“ஆறாம் தேதியா? எம் பொண்ண வெளிய கூட்டிட்டுப் போறதா சொல்லிருக்கேனே” என்றார் அவர்.

“அஞ்சாம் தேதி நல்லா சுத்திட்டு வாங்க டாக்டர். ஆறாம் தேதி காலைல மட்டும் தொறந்தாப் போதும்.”

“ஒரே ஒரு ஆளுக்காகவா?”

“நீங்க தொறந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா நெறைய பேரு வருவாங்க.”

அவர் சம்மதித்தார். செய்தியைச் சொல்ல மிர்யோங் தன் சொந்த எண்ணிலிருந்தே தொக்சுனை அழைத்தாள். பிறகு மேலாளரிடம் பேசி, மென்பொருளில் ஒரு புதிய பொத்தானைச் சேர்த்தோம்: ‘மாற்று விடுமுறையிலும் திறந்திருக்கும்.’ முதலில் அழுத்தியவர் தோங்யோங் பல் மருத்துவர்தான். சில நாட்களிலேயே அவருடைய அந்தக் காலை நிரம்பிவிட்டது. கொட்டகைகளிலும் சின்னக் கடைகளிலும் வேலை செய்பவர்கள்தான் முந்திக்கொண்டார்கள். மற்ற ஊர் கிளினிக்குகளும் ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கின.

மே ஆறாம் தேதி எங்களுக்கு விடுமுறை. மிர்யோங் ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு கிம்பாப் சோற்றுச் சுருள்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கிய தொக்சுன், வாயில் பஞ்சோடு சிரிக்கிறாள். கீழே, “சனியன் தொலஞ்சுது!”

படத்தை எட்டிப் பார்த்த இரட்டையர் இருவரும், ஆடிக்கொண்டிருந்த தங்கள் பால்பற்களை அவசரமாக நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.