பேய்க்கு வைத்த வடை

பழைய மதுச்சாலை நடத்துகிறவர் பியரை விடப் பேய்க்கதையைத்தான் அதிகம் பரிமாற வேண்டியிருக்கும். சாப்பாட்டுக் கடை வைத்து மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நானூறு வருடப் பழமையான மதுச்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். அம்மா உறவினர்களிடம் 'ரெஸ்டோரண்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறார். பியர்ப் பீப்பாய்க்குள் விழுந்து செத்த அந்தக் காலத்து முதலாளி இங்கே உலவுவதாக ஊர்ப்பேச்சு. கட்டிடச் சொந்தக்காரி எனக்கு ஒரே ஒரு வருடம்தான் தந்தார். பழைய வாடிக்கையாளர்கள் விலகிப் போனால் கட்டிடத்தை விற்றுவிடுவாராம்.

ஆணி

விலைப்பலகை மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போனேன். புராதனக் கட்டிடம், நகராட்சியிடம் அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் எழுதி, படம் எடுத்து அனுப்பிக் காத்திருந்தேன். கடைசியில் அதிகாரியே வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு முடியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சுவருக்குள்ளால் தினமும் ஒரு பேய் போய்வருகிறதே, அதை யாரும் கேட்பதில்லையா என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்:

"அது ஓட்டை போடாமல் போய்வருகிறது."

நிலவறை

நிலவறையில் டொக் டொக் என்று சத்தம். உருளைக்கிழங்கு எடுக்கப் போகமாட்டேன் என்று பரிமாறும் பெண் நின்றுவிட்டாள். எங்கள் சமையல்காரர் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்தவர். அவர் இறங்கிப் பார்த்தார். பழைய தண்ணீர்க் குழாய். உண்மையில் பேயாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீங்கள் என்று கேட்டேன்.

"இருக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுத்திருப்பன், தங்கச்சி. இந்த நாட்டிலை முன்கூட்டி நேரம் கேட்டு டெர்மின் எடுக்காமல் ஆர் எங்களைப் பாக்க வாறது?"

வெறும் நாற்காலி

இது கடை எடுத்த இரண்டாம் வாரம் நடந்தது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, மூலை மேசைக்குப் பழைய வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆறு பியர் கேட்டார்கள். ஆறாவதை வெறும் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். பேய்க்குப் படைக்கிறார்களாக்கும் என்று எனக்கு மனம் இளகிவிட்டது. எங்களுக்காக அண்ணை சுட்டிருந்த வடையில் இரண்டைத் தட்டில் வைத்து, "செத்தவர்களுக்கு நாங்களும் இப்படித்தான் வைப்போம்" என்றேன்.

ஐந்து பேரும் வடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மெல்லச் சொன்னார்: அது ஹைன்ஸின் பியர். அவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். உயிரோடிருக்கிற மனிதருக்குப் படையல் வைத்துவிட்டு நான் நின்ற நிலையை யாருக்குச் சொல்ல!

அடுத்த வெள்ளி, ஐந்து மணிக்கு மேசை காலி. ஐந்தரைக்கும் காலி. எல்லாம் போச்சு என்று சமையலறையில் நின்று அழுதேன். ஆறு மணிக்குக் கதவு திறந்தது. ஐந்து பேரும் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கெஞ்சி அவரை வெளியே கொண்டுவர நேரமாகிவிட்டதாம். ஹைன்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்துப்போனதற்கு இரண்டு வைத்தீர்களாம். பிழைத்து வந்ததற்கு எத்தனை?"

வருடம் முடிந்து சொந்தக்காரி குத்தகையை ஐந்து வருடத்துக்கு நீட்டிவிட்டார். பேய்தான் இன்னும் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.