விளக்கு வைத்த பிறகு எதைக் கேட்கலாம்?

அயர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் அடுத்த வீட்டு மணியை அடிப்பதில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோராகூட, கேக் கொண்டுவந்தால் முதலில் மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் வருவார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மணி அடித்தபோது நானும் என் மனைவி கவிதாவும் திருதிருவென்று விழித்தோம். திறந்தால் இரண்டு கார்டா. இங்கே போலீஸுக்கு அதுதான் பெயர். ஒருவர் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் மழையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், ஒரு பெண், கவிதாவைச் சமையலறையில் உட்காரவைத்து, "வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். சற்று முன்பு நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தங்கை செல்வியைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கணவன் முருகேசன், குடித்தால் கை நீட்டுகிறவன். "இன்னொரு தடவ அவ மேல கை பட்டுச்சு, வந்து கைய ஒடச்சிப் போடுவன்" என்று கடல் கடந்து நின்று அவனை மிரட்டிக்கொண்டிருந்தேன். வைஃபை விட்டுவிட்டு வந்ததால் அதே மிரட்டலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அடிக்காதே என்று ஒருவனை அதட்டப் போய், நீ அடிக்கிறாயா என்று என்னையே கேட்க வந்துவிட்டார்கள். "மை பிரதர்-இன்-லா, ஐ வில் பிரேக் ஹிஸ் ஹேண்ட்" என்று விளக்கினேன். கார்டா அதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். விளக்காமலே இருந்திருக்கலாம்.

அதோடு விட்டார்களா? இருமலுக்குப் போன கவிதாவிடம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பிறகு குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ். பிறகு சமூக மையத்திலிருந்து ஒரு அம்மா. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கவிதாவுக்கோ ஒரே குஷி. கேள்வி வந்த நாளெல்லாம் பாத்திரம் கழுவுவது என் வேலையானது. ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "இங்க ஒரு சத்தத்துக்கு இத்தன பேரு வந்து கேக்கறாங்க. செல்வி வூட்டுச் சத்தம் தெரு முச்சூடும் கேக்குது. ஒருத்தராச்சும் போயி என்னன்னு கேட்டாங்களா?" அப்போதே மாதம்மாக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மாதம்மாக்கா, செல்வி சேர்ந்திருக்கும் மகளிர் குழுவின் தலைவி. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கிற அதிகாரியை, ஒரு மேடத்தை, கையோடு ஊருக்கே கூட்டிவந்துவிட்டார். மகளிர் காவல் நிலையத்து ஏட்டம்மா, அங்கன்வாடி டீச்சர், குழுப் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். மேடம் சொன்ன யோசனை எளிது. சத்தம் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவைத் தட்டுங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், அதற்குள் ஒருவர் எங்களுக்குப் போன் செய்யுங்கள். என்ன சாக்கு? உறைமோர் கேட்பது என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டார்கள். முருகேசன் குடித்துவிட்டு வருவது பொழுது சாய்ந்த பிறகு. எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு மோர் கொடுத்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள். கொடுப்பதும் தப்பு, கேட்பதும் தப்பு. சத்தம் கேட்டதும் கிண்ணத்தோடு கிளம்பிய மாதம்மாக்கா பாதி வழியில் வானத்தைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாராம். பின்னால் வந்தவர்களும் திரும்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் மேடத்துக்குப் போன் செய்யவும் யாருக்கும் தோன்றவில்லை. அன்று செல்வியின் மணிக்கட்டு வீங்கியது. வீடியோவில் அவள் அதை முந்தானைக்குள் மறைத்தபோது நான் அழுதேன்.

மறுபடியும் கூட்டம். செல்வி கட்டுப்போட்ட கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். போனில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"உப்பு கேக்கலாமா?" என்றார் மேடம்.

"அய்யய்யோ, உப்பா!"

"ஊசி?"

"ஊசி கூடவே கூடாதுங்க மேடம்."

"மஞ்சத்தூள்?"

"பொழுது போயி மஞ்ச குடுப்பாங்களாங்க?"

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப விளக்கு வெச்சப்புறம் எதத்தாம்மா கேப்பீங்க?"

ஓரத்திலிருந்து செல்வி சொன்னாள்: "சார்ஜர் கேக்கலாங்க மேடம். அதுக்கு சாத்தரம் ஒன்னும் இல்லீங்க."

அடுத்த முறை முருகேசன் குரலை உயர்த்தியதும் மாதம்மாக்கா வாசலில் நின்றார். "தம்பி, சார்ஜர் இருக்குதா?" அவன் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருத்தி. "அண்ணா, இது இல்லீங்க, எங்குளுது சின்ன பின்னு." அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தே செல்வியின் மாமியார் ஓய்ந்துபோனார். "இந்த ஊருல எவ வூட்லயும் சார்ஜரே இல்லியா?" என்று அவன் அலறிக்கொண்டிருக்கும்போதே ஏட்டம்மாவின் ஜீப் வந்து நின்றது. புகார் பதிவானது, இனி கை வைத்தால் ஜெயில் என்று கோர்ட் உத்தரவும் வந்தது. குடியை விடுவதற்கான சிகிச்சைக்குப் போகிறான், நடுவில் ஓடியும் வந்துவிடுகிறான். அவனை நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கை ஓங்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் உயர்ந்தது. ஏதோ உடைந்தது. கவிதா கார்டாவுக்குப் போன் போட்டபடி என்னைப் பார்த்தாள். "போங்க, நான் பின்னாலயே வர்றன்." வாழ்க்கையில் முதல்முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் நோரா வீட்டு மணியை அடித்தேன். "டூ யூ ஹேவ் எ சார்ஜர்?" நோரா என் கையைப் பார்த்தார். நம்பும்படி இருக்கட்டும் என்று எங்கள் ஊர் சார்ஜரையும் எடுத்துப் போயிருந்தேன்.

"உங்கள் கையிலேயே இருக்கிறதே?"

"திஸ் இஸ் ஃப்ரம் தர்மபுரி. ரவுண்ட் பின்" என்றேன். இங்கே சுவரில் தட்டைப் பின்தான் நுழையும்.

உள்ளே குரல் நின்றிருந்தது. நோரா சிவந்த கண்களோடு ஒரு சார்ஜரை எடுத்து வந்து, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அன்றைக்கு உங்கள் வீட்டுக்குக் கார்டாவைக் கூப்பிட்டது நான்தான், மன்னியுங்கள்" என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அவர்கள் வந்ததால் ஏதாவது பயன் இருந்ததா?" என்று கேட்டார். அவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கே புரிந்தது. "வெரி யூஸ்ஃபுல்" என்றேன். அதற்குள் கவிதாவும் வந்து, தனக்கும் ஒரு சார்ஜர் வேண்டும் என்று நின்றாள். தெருமுனையில் கார்டா வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

நோரா வீட்டில் கத்திய அந்த மனிதர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஆனால் திரும்பி வர வழி தெரிந்தவர். நோராவின் சார்ஜரை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இங்கே மதியச் சாப்பாடு முடியும் நேரம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். நோராவின் சார்ஜரைச் சுவரில் செருகி, போனை அதில் மாட்டி, செல்வியைக் கூப்பிடுகிறேன். அவள் "அண்ணா" என்று சொல்லும்வரை என் ஒரு காது கம்பைநல்லூரில் இருக்கும், இன்னொரு காது நோராவின் சுவரில்.