இடமிருக்கிறது என்று சொன்னவன்

பொன்னுராஜுக்கு முகமூடியே தேவையில்லை என்று மேட்டுத்தெருவில் கிண்டல் செய்வார்கள். உருண்டைக் கன்னம், சட்டைப் பொத்தானைப் பாடாய்ப் படுத்தும் தொப்பை, பேச்சுக்கு முன்னால் வந்து நிற்கும் சிரிப்பு. பிறவியிலேயே கிறிஸ்மஸ் தாத்தா. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில், டிசம்பரில் கிறிஸ்மஸ் நெருங்கும்போது வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் பவனி கிளம்பும். பாட்டுக்குழுவுக்கு முன்னால் தாத்தா சிவப்பு அங்கியில் ஆடிக்கொண்டு போவார். உள்ளே இருப்பது யாரென்று ஊருக்கே தெரியும். ஆனால் அவர் பேசக் கூடாது, அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் காதில் ரகசியம் சொல்வார்கள். அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டுவார்.

மற்ற மாதங்களில் அவன் ஜீப் டிரைவர். இருட்டோடு தெருமுனையில் ஹாரன் அடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் அதே பெண்களை ஏலக்காய் வாசத்தோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பான். மீசை முளைக்கும் முன்பு கிளீனராகத் தொற்றிய தொழில், தலை நரைக்கும்வரை விடவில்லை.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. யாரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போக மாட்டான். அவன் அம்மாவும் ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். ஒருநாள் வண்டியில் இடமில்லை என்று இறக்கிவிட்டதால், சோற்றுத் தூக்குவாளியோடு அப்படியே திரும்பி வந்து, அன்று முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலை போன நாளில் வீட்டில் உலை ஏறாது என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. அதனால்தானோ என்னவோ, இயேசு பிறந்த கதையில் வரும் சத்திரக்காரன் மேல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆத்திரம். சபையை நடத்தும் உபதேசியார் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் காலையில் அந்தச் சத்திரக்காரனை இழுத்துப் போட்டு வெளுப்பார். பிள்ளைத்தாச்சிக்கு இடமில்லை என்று சொல்ல மனசு எப்படி வந்தது என்பார். பொன்னுராஜ் அதைத் தன் தொழிலுக்கு எடுத்துக்கொண்டான்.

"என் வண்டியில எடமில்லங்கிற பேச்சே கெடையாதுத்தா. நான் என்ன பெத்லகேம் சத்திரக்காரனா?"

ஜீப்பே சிரிக்கும். ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் ஜீப்புக்கு மனசைத் தெரியாது, பாரத்தைத்தான் தெரியும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான்.

போன மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. பனி இறங்கிக் கிடந்தது. வண்டி நிரம்பி, கிளம்புகிற நேரத்தில் ஞானபாக்கியம் வந்தாள். பாட்டுக்குழுவில் முதல் குரல் அவளுடையது. வண்டியிலும் பாடிக்கொண்டேதான் வருவாள். அன்றைக்கு ஜீப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"எடமில்லண்ணே. நீங்க போங்க. நான் அடுத்த வண்டியில வாரேன்."

"எடமில்லையா? ஏ தங்கச்சி, நான் என்ன பெத்லகேம் சத்திரக்காரனா? ஏறு, ஏறு. ஏத்தா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க!"

பின்னால் இருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். அவள் பின்பலகை விளிம்பில், முழங்கால் வெளியே தெரிய உட்கார்ந்தாள். மலையில் பாதி ஏறியபோது ஒரு வளைவில் பலகையின் கொக்கி கழன்றது. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஞானபாக்கியம் மட்டும் விழுந்தாள். கீழே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

கூட்டம் கூடிவிட்டது. போலீஸ் கேட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் வாயிலிருந்து ஒரே பதில்தான் வந்தது. "வேணாம் வேணாம்னேன்யா. அவசரம்னு ஓடி வந்து தொத்திக்கிருச்சு." அதை அவன் யோசித்துச் சொல்லவில்லை. உதறல் எடுத்த வாய் தானாகப் பிடித்துக்கொண்ட பொய் அது. பின்னால் இருந்த பெண்களுக்கு உண்மை தெரியும். அவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்கள், அவ்வளவுதான். மறுநாள் வேலைக்குப் போக ஒரு வண்டி வேண்டுமே. அதனால் அடக்கம் முடிவதற்குள் சபை முழுக்க அது உண்மையாகிவிட்டது. பாவம், அவசரக்காரி என்றார்கள். உபதேசியாரே அப்படித்தான் ஜெபம் செய்தார்.

ஞானபாக்கியத்தின் புருஷன் விஜயபாண்டி திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவன். வாய் அதிகம் பேசாதவன். அவன் வீட்டுப் பின்சுவரும் பொன்னுராஜ் வீட்டுப் பின்சுவரும் ஒன்றுதான். மாலையில் அவன் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று திட்டுவது பொன்னுராஜுக்குக் கேட்கும். "அப்பிடி என்னடி அவசரம்? அடுத்த வண்டி வராதா? எங்கள இப்பிடி விட்டுட்டுப் போகணும்னு எங்கிட்டு ஓடுன?" பொன்னுராஜின் மனைவி சாராள் பானையைக் கழுவுகிறவள் கையை நிறுத்திக்கொண்டு கேட்பாள். "எம்புட்டுப் பாசம் பாருங்க, திட்டுறதுல" என்பாள். பொன்னுராஜ் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவான். மெலிந்துபோனான். தொப்பை இறங்கிவிட்டது. சாராள் சர்க்கரை வியாதி என்று நினைத்துக் காப்பியில் இனிப்பை நிறுத்தினாள்.

டிசம்பர் வந்தது. துக்க வீடு நட்சத்திரம் கட்டாது, பலகாரம் சுடாது. கேரல் பவனி அந்த வாசலைக் கடக்கும்போது டிரம்மை நிறுத்திவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடும். அந்த முறையைத்தான் பொன்னுராஜ் நம்பிக்கொண்டிருந்தான். பத்து மாதமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் ஓட்டிவிட்டான், இன்னும் ஒரு சாயங்காலம் ஓடிவிடாதா?

பவனிக்கு முதல்நாள் பார்த்தால், விஜயபாண்டி வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. மகள் அபிதா ஸ்டூல் மேல் நின்று வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடித்து இந்த வருஷம்தான் தேனியில் கல்லூரிக்குப் போகிற பெண். அம்மா போனதிலிருந்து அவள் அழுததையும் யாரும் பார்க்கவில்லை, சிரித்ததையும் பார்க்கவில்லை.

உபதேசியார் பொன்னுராஜ் வீட்டுக்கே வந்தார். "விஜயபாண்டி வரச் சொல்றாருப்பா. பிள்ள கேக்குதாம். இந்த வருசம் முறையெல்லாம் பாக்க வேணாம், எல்லாரும் உள்ள வரணும், தாத்தாவும் வரணும்னு சொல்லுதாம்."

"எனக்குக் காச்சல்யா. வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க."

"அந்த அங்கிக்குள்ள வேற யாரு நிப்பா? ரெண்டு பேரத்தான் விடணும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார் மனுஷர். சாராள் அங்கியை எடுத்து அவன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

மறுநாள், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பொழுது சாயும்போது பவனி கிளம்பியது. முகமூடிக்குள் அவனுக்கு வியர்த்தது. பஞ்சுத் தாடி மூக்கில் ஏறியது. வெளியே ரோஜா நிறக் கன்னத்தோடு சிரித்துக்கொண்டிருந்த முகத்துக்கு உள்ளே, ஆண்டவரே, அந்த வாசல் வருவதற்குள் மழையாவது வரக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே ஆடினான். மழை வரவில்லை. எப்போதும் கேட்காதபோதுதான் வரும்.

விஜயபாண்டியின் வீடு வந்தது. டிரம் அடங்கியது. முறையைப் பார்ப்பதா, அழைப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் பாட்டுக்குழு வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றது. பாடத் தொடங்கினார்கள். முதல் குரல் இருந்த இடத்தில் யாரும் பாடவில்லை, அந்த இடம் மட்டும் ஓட்டையாகக் கேட்டது. விஜயபாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தாத்தா உட்கார்ந்தார். எதிரே சுவரில் ஞானபாக்கியத்தின் படம்.

அபிதா பிள்ளைகளைப் போலவே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். வருஷா வருஷம் அவளை அப்படி உட்கார வைத்து, என்ன ரகசியம் சொன்னாய் என்று துளைத்து எடுப்பது அம்மாவின் வழக்கம். அவள் முகமூடியின் காதருகே குனிந்தாள்.

"தாத்தா, எனக்கு ஒண்ணும் வேணாம். அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நாந்தான் லேட்டாக்கிட்டேன். ஸ்கூலுக்குத் தலை பின்னிவிடச் சொல்லி அடம்பிடிச்சு, ரெட்டச் சடை சரியில்லன்னு அவுத்து மறுபடியும் பின்ன வச்சேன். அதனாலதான் அம்மா அவசரமா ஓடுச்சு. அப்பாகிட்ட நான் சொல்லல. அவரு அம்மாவத்தான் திட்டுறாரு. திட்ட வேண்டியது என்னயத்தான்."

பொன்னுராஜ் தலையை ஆட்டவில்லை. பத்து மாதமாக அவன் தன்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தான். கேஸ், வண்டி, ஊர் வாய். தன் பொய் இந்தப் பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அவன் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கடவுள் எதற்காகப் பிறந்தார் என்று உபதேசியார் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார். பொன்னுராஜுக்கு அந்த நாற்காலியில் ஒன்றே ஒன்றுதான் விளங்கியது. அவர் மேலேயே இருந்துகொண்டு தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. முகத்தோடு வந்தார், அடிக்கிறவன் அடிக்கக்கூடிய முகத்தோடு. அவன் கையைத் தூக்கி முகமூடியைக் கழற்றினான்.

வாசலில் இருந்த பிள்ளைகள் ஐயோ என்றார்கள். அப்படி யாரும் செய்ததில்லை.

"அம்மா ஓடலத்தா" என்றான். குரல் கிழிந்து வந்தது. "நின்னுச்சு. எடமில்ல, அடுத்த வண்டியில வாரேன்னு நின்னுச்சு. நாந்தான் ஏறு ஏறுன்னு ஏத்துனேன். ஓடி வந்துச்சுன்னு நான் சொன்னது பொய். உன் சடைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

பாட்டு நின்றுவிட்டது. அபிதா எழுந்து, படம் இருந்த சுவரில் சாய்ந்து நின்றாள். விஜயபாண்டி நெருங்கி வந்தான். கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை. அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பொன்னுராஜும் நினைத்தான், விலகவில்லை.

"மச்சான்" என்றான் விஜயபாண்டி. "தெனமும் அவள வஞ்சேன். வாய்க்கு வந்தபடி வஞ்சேன். ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாப்ள."

"கேட்டுக்கிட்டா இருந்த?"

 விஜயபாண்டி வாசலைக் காட்டினான். "வெளிய போ. இதே வார்த்தைய கோயில்ல வச்சுச் சொல்லு. எத்தன பேரு அவள அவசரக்காரின்னாகளோ, அத்தன பேருக்கும் கேக்கணும். சொல்லிட்டு அப்புறமா என் மூஞ்சியப் பாரு."

கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்குக் கோயில் நிரம்பியிருந்தது. விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆனாலும் எல்லோரும் புதுத்துணியைச் சரிசெய்துகொள்வதிலேயே மும்முரமாக இருந்தார்கள். உபதேசியார் வழக்கம்போலத் தொடங்கினார். சத்திரக்காரனிடம் வந்து சேர்ந்தார். இடமில்லை என்று சொன்ன அந்தக் கல்நெஞ்சக்காரனைப் பாருங்கள் என்றார். சபையார் எழுந்து சாட்சி சொல்லும் நேரம் அதற்குப் பிறகுதான் வரும். பொன்னுராஜால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சாராள் பெண்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன வையாதீகய்யா" என்றான். "சத்திரக்காரன் உள்ளதச் சொன்னான். எடமில்லாத எடத்துல எடமில்லன்னான். அந்தப் பிள்ளத்தாச்சி தொழுவத்துலயாச்சும் உசுரோட இருந்துச்சு. நான் எடமிருக்குன்னு சொன்னேன். ஞானபாக்கியம் இல்லன்னுதான் சொல்லுச்சு. எல்லாரும் நல்லவன்னு சொல்லணுமின்னு நான் இருக்குன்னு சொன்னேன். செத்ததுக்கு அப்புறம் பழிய அது மேலயே போட்டேன். அது அவசரக்காரி இல்ல. நாந்தான் பொய்யன்."

கோயிலுக்குள் ஒரு கைக்குழந்தை அழுதது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் அக்கம்மாள் எழுந்தாள். தினமும் ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள். எழுந்தவள் முன்னால் பார்க்கவில்லை, அபிதாவைப் பார்த்தாள்.

"நானும் கேட்டேன் ஆத்தா. எடமில்லன்னு உங்கம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. மறுநா வண்டிக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல."

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அவர்கள் தலை குனிந்து நின்றார்கள். விஜயபாண்டி யாரையும் பார்க்காமல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பொன்னுராஜ் பக்கம் அவன் திரும்பவில்லை.

அபிதா பாயில் முகத்தைப் புதைத்து, அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதாள். பத்து மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை சுவரெல்லாம் எதிரொலித்தது. அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வேண்டியவர் உபதேசியார். அவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.