அக்கா காத்திருந்த ஐந்து மாதங்கள்

எங்கள் அக்கா இறைவனில் துயில்கொண்டு ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரோடு பல வருடம் பூ எடுத்தவர்கள். அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒன்றை நான்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லச் சொன்னவரும் அக்காதான்.

வத்தலக்குண்டுக்குக் கிழக்கே இதே ஊரில்தான் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பதினான்கு வருடம் கழித்துப் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு விடியற்காலையில் மல்லிகைத் தோட்டங்களுக்கு மொட்டு எடுக்கப் போனார். திருமணத்துக்குப் பின் அத்தானும் அவரும் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். கிணறு வற்றிச் செடிகள் காய்ந்த வருடத்தில்கூட என் கல்லூரிப் படிப்பை நிறுத்த அக்கா விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நான் செய்யும் வேலையை அக்காவிடம் ஒருமுறை விளக்கினேன். நம் உடம்பின் செல்களில் எல்லாம் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். கண்ணில் எது வேலை செய்ய வேண்டும், ஈரலில் எது ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு கெடும்போது புற்றுநோய் எப்படி முற்றிப் பரவுகிறது என்பதே என் ஆய்வு. அக்கா சொட்டுநீர்க் குழாய்களுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அட, இந்த வால்வு மாதிரியா? எல்லா வரிசைக்கும் ஒரே தண்ணிதான். எதத் தொறக்கணும், எத அடைக்கணும்னு இருக்குல்ல. அடைக்க வேண்டியத அடைக்காம விட்டா வரப்ப ஒடச்சுக்கிட்டு அடுத்தவன் காட்டுக்குள்ள போயிரும்."

பெரிய கூட்டங்களில் பேசும்போது இன்றும் நான் இந்த வால்விலிருந்துதான் தொடங்குகிறேன்.

நான் ஆய்வில் சேர்ந்த வருடமே அக்கா ஊர்முனையில் ஃபிளக்ஸ் வைத்துவிட்டார். என் படம் பெரிதாக. கீழே 'கேன்சர் டாக்டர்'. அதன்பின் நான் விடுமுறைக்கு வந்தால் ஸ்கேன் படங்களோடு ஆட்கள் வருவார்கள். "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புவேன். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் அல்ல என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயர் எனக்கும் இனித்தது.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் என்னால் ஊருக்கு வர முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா போன் செய்வார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே கேள்விதான்.

"எப்பத்தா லீவு?"

"எழுதி முடிச்சிட்டு வாரேன்க்கா."

"சரி, சரி. அவசரமில்ல. நீ எழுது."

ஐந்து மாதம் கழித்து, ஈஸ்டருக்கு வந்தேன். அத்தான் தோட்டத்துக்குப் போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். கட்டி கல்லாக இருந்தது.

"நீ பாத்துச் சொல்லு பாப்பா. அஞ்சு மாசமா இருக்கு. வேற யார்ட்டயும் காட்டல. நீதான இதப் படிச்சிருக்க."

"அக்கா, நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லக்கா. நான் பாக்குறது லேப்புல தட்டுல வளர்ற செல்லு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே மதுரைக்குப் போனோம். நோய் எலும்புவரை போயிருந்தது. மருத்துவர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மூன்றாம் முறை மருந்து ஏற்றிய நாளில் அக்கா என்னிடம் கேட்டார்.

"நீ கண்டுபிடிக்கிற மருந்து எனக்கு வந்து சேருமா?"

ஒருமுறை வாய்மூடி இருந்ததன் பலனைப் பார்த்துவிட்டேன்.

"வராதுக்கா. நான் மருந்து கண்டுபிடிக்கல. அது எப்படிப் பரவுதுன்னு ஒரு சின்ன எடத்தத்தான் பாக்குறேன். பின்னால வர்ற யாருக்காச்சும் ஒதவலாம்."

"சரி, அத விட்றாத. ஆனா ஊருல சொல்லிரு. ஒனக்காகக் காத்துக்கிட்டு இன்னும் நாலு பேரு கெடப்பாளுக" என்றார்.

நான் சொல்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை. உடம்பில் தெம்பிருந்த ஒரு காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மொட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "என் தங்கச்சி வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லயாம்டி. கட்டி கிட்டி இருந்தா ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

"அப்ப எதுக்குக்கா அம்புட்டுப் பெரிய ஃபிளக்ஸ் வச்ச?" என்று ஒருவர் கேட்டார்.

"பெருமைக்கு வச்சேன். ஒந்தங்கச்சி படிச்சா நீயும் வையி."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் தோட்டத்தில் நின்றதை நான் பார்த்தது அதுதான் கடைசி. பிறகு வலி கூடியது. கடைசி வாரங்களை வீட்டிலேயே கழித்தார். அத்தான் பக்கத்தில் இருக்க, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அமைதியாகக் கண் மூடினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். மதுரைப் பேருந்தில் ஒவ்வொரு முறையும் அக்காவைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போன அத்தானுக்கு, நற்கருணையோடு வீடு தேடி வந்த பங்குத்தந்தைக்கு, கோபப்படாமல் கவனித்த செவிலியர்களுக்கு எங்கள் நன்றி. ஒரு நாள் விட்டாலும் மொட்டு மலர்ந்து வீணாகிவிடும் என்பதால், தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து அக்காவின் தோட்டத்தில் முதலில் பூ எடுத்துக் கொடுத்த பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களில் மூன்று பேர், அக்கா பேசிவிட்டு வந்த மறுவாரமே திண்டுக்கல்லுக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கட்டி இருந்தது. சிறியது, எடுத்தாகிவிட்டது, நலமாக இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரப் போடாம எழுது" என்றார்.

நான் மருத்துவர் அல்ல. ஊருக்கு வரும்போது உங்கள் வீடுகளுக்குக் கட்டாயம் வருவேன், காபி குடிக்க. உடம்பில் கட்டி தென்பட்டால் மட்டும் என் லீவுக்காகக் காத்திருக்காதீர்கள். எங்கள் அக்கா காத்திருந்தார்.