முழங்காலளவு கடல்

மழையில் நனைந்த கோணி ஒன்றை இன்று யாரோ என் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் பழவேற்காட்டு டென்ட் கொட்டாய் குமட்டிக்கொண்டு வந்தது. கோணி ஒட்டுப்போட்ட கூரை, வெற்றிலை எச்சில் துப்பிய மணல், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மேலெல்லாம் இறால் வாடை, இத்தனையையும் தூக்கியடிக்கிற அருவருப்பு திரையில் ஓடிய அந்த மாயாஜாலப் படம். கடலரக்கனுக்கு சைக்கிள் டியூபில் வால். கடலரசன் மகள் கொஞ்சுகிற மீனோ குளத்துக் கெண்டை. "டேய், கெண்டைக்கு கடல்ல இன்னாடா வேலை?" என்று கொட்டாயே எழுந்து கத்தும். கத்துவதற்காகவே மறுநாளும் வரும்.

அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு தினமும் வந்தாள். என் நைனா கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று மாதம்கூட ஆகவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு சினிமா கேட்கிறதா என்று ஊரே காறித் துப்பியது. எனக்கும் அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கெண்டைக்கு அவள் சிரிக்க மாட்டாள். புயலில் கப்பல் கவிழ்ந்து, கைகாலை உதறி மூழ்கிக்கொண்டிருக்கும் கதாநாயகன் மறந்துபோய் எழுந்து நின்றுவிட, தண்ணீர் அவன் முழங்காலோடு நின்றுபோகும் அந்த இடத்தில் மட்டும் கண்ணில் நீர் வழியச் சிரிப்பாள்.

ஐந்தாம் நாள் எரிந்து விழுந்தேன். "இந்தக் கண்றாவில இன்னாமா இருக்குது?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "முட்டிக்கால் தண்ணிடி. இந்தக் கடல்ல எவனும் சாவ மாட்டான்."